வெறுங்கூடை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே மீன் குளிர்கிடங்கு வேலையில் சுண்டுவிரல் மரத்துப்போனது, அவ்வளவுதான். மூக்கைச் சொறிய இன்னும் ஒன்பது விரல் இருக்கிறது.

தங்கை போனில் சொன்னாள். கடலில் விழுந்த கூட்டாளியைத் தேடாமல் முதலாளி படகைத் திருப்பியதை நான் போலீசில் சொன்னதற்காக, ஏலத்தில் உனக்கு ஒருவரும் மீன் தருவதில்லையாம். “அவன் எம்புள்ளையே இல்லன்னு ஊர் முன்னால சொல்லு, கூடை நிறையும்” என்றாராம் முதலாளி. நீயோ வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, “மீனு, மீனு” என்று தெருவெல்லாம் கூவிப் போனாயாம்.

சொல்லிவிடு, அம்மா. வாய் சொன்னால் பெற்ற வயிறு மறந்துவிடுமா? நீ பட்டினி கிடந்து நான் பிள்ளையாக இருக்க வேண்டாம்.

லாரி வந்துவிட்டது. என் பழைய போர்வையை அனுப்பு. பார்சலில் உன் பெயரைப் போடாதே, ஊர் பார்க்கும். கட்டும் கயிற்றில் நீ போடும் வலைமுடிச்சே எனக்குப் போதும்.