பதினோரு வாக்குகளில் ஒன்று

அக்டோபர் 6

பனி விழ ஆரம்பித்துவிட்டது. இழுவைக்கப்பலைத் துறைமுகத்தில் கட்டிவிட்டு வந்தால் வீடு சில்லென்று கிடக்கிறது. என் மனைவி ரிம்மா ஆளுநர் ஆனதிலிருந்து மாதத்தில் பாதி நாள் மாகாணத் தலைநகரில்தான். இன்று போனில் சொன்னாள்: மாஸ்கோவுக்குக் கூப்பிடுகிறார்களாம், எரிசக்தி அமைச்சராக.

"ரெண்டே வருஷம், சவேலி. அப்புறம் வந்துடுவேன்."

எங்கள் ஊர் தீஹயா நகராட்சியில், வீடுகளுக்கு வெந்நீர் அனுப்பும் வெப்பத் துறையிலிருந்து மேயர் ஆனபோதும் இதைத்தான் சொன்னாள். ஆளுநர் ஆனபோதும் இதேதான். எல்லாம் அந்த பிப்ரவரியால் வந்தது. கொதிகலன் வெடித்து ஊரே உறைந்தபோது, என் கம்பளி பூட்ஸை மாட்டிக்கொண்டு கொதிகலன் கூடத்துக்குள் போனவள், குழாய்களில் வெந்நீர் ஓடும்வரை வெளியே வரவில்லை. ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. கூட்டத்தில் நானும்தான் ஆடினேன்.

அக்டோபர் 20

போய்விட்டாள். கிளம்புமுன், பயண வழக்கப்படி, இருவரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். விமானம் தாமதம் என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருக்கலாம்.

ஜனவரி 11

விடுமுறைக்கு மாஸ்கோ போய்த் திரும்பினேன். ரொட்டி வாங்கப் போனால்கூடப் பின்னால் ஒரு காவலன். பையைக் கொஞ்சம் பிடி தம்பி என்றேன். "கை காலியா இருக்கணும், ஐயா. உத்தரவு" என்றான். ரிம்மா நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறாள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கிடைத்தது. தலைக்குக் குளித்துவிட்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். துண்டால் துவட்டிவிட்டேன். அந்த ஈரத்தலை வாசனைக்காகத்தான் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்திருக்கிறேன் போல.

"இங்கயே இருந்துடேன்."

"இருந்து என்ன பண்றது? நீ வந்ததும் உன் கோட்டு வாங்கி ஆணியில மாட்டவா?"

கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடல் இல்லாத ஊரில் என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 2

இதில் எழுதி ஒன்றரை வருடத்துக்கு மேலாகிறது. அவள் சொன்ன இரண்டு வருடம் முடியப்போகிறது. நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எங்கள் எஞ்சின்காரன் ஃபதேய் வானொலியைக் கேட்டுவிட்டு மேலே ஓடிவந்தான்.

"கேப்டன், உங்க வீட்டம்மா பிரதமராம். இனிமே நமக்கு டீசல் தடையில்லாம வரும்ல?"

"எனக்குப் பொண்டாட்டியே தடையில்லாம வரல. உனக்கு டீசல் கேக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செப்டம்பர் 3

வானொலியில் அவள் குரல். "வணக்கம்" என்றாள். நான் பதில் சொல்லிவிட்டேன், பெட்டியைப் பார்த்து.

பிப்ரவரி 9

அதிபர் உடல்நலமில்லாமல் விலகுகிறார். மார்ச்சில் தேர்தல். ரிம்மா கூப்பிட்டாள். அவளை நிற்கச் சொல்கிறார்களாம்.

"தோத்துட்டா அடுத்த விமானத்துல வந்துடறேன்."

"ஜெயிச்சா?"

"ஆறு வருஷம். ...சவேலி, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லு. நிக்கல."

ஒரு வார்த்தை. எத்தனை வருடமாகத் தொண்டையில் வைத்திருக்கிற வார்த்தை அது? "நில்லு" என்றேன். "உன்னை விட்டா அங்க வேலை தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

உண்மையைத்தான் சொன்னேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

மார்ச் 4

கடலில் இருக்கிறோம். கரையில் தேர்தல் நடக்கும் நாளில் திரும்பியிருக்க மாட்டோம் என்பதால் மாலுமிகளுக்கு முன்கூட்டியே வாக்குப்பதிவு. பெட்டி சாப்பாட்டு மேசை மேல். கேப்டன் என்ற முறையில் நானே வாக்குச்சாவடித் தலைவர். சமையற்காரி கிளாஃபிரா நல்ல கவுன் உடுத்தி, உதட்டுச்சாயம் பூசி முதல் ஆளாக வந்தாள். எல்லாரும் போட்டு முடித்தபின் கடைசியாக நான் திரைக்குப் பின்னால் போனேன்.

சீட்டில் அவள் பெயர் இரண்டாவது. என் குடும்பப் பெயரோடு. கடைசி வரியில், யாருமே வேண்டாம் என்பவர்களுக்கு, "அனைவருக்கும் எதிராக". எவ்வளவு நேரம் நின்றேன்? நல்லவள், திறமைசாலி, நாட்டுக்கு வேண்டியவள், எல்லாம் தெரியும். எனக்கும் வேணும்ல? நான் யார்கிட்ட போய்க் கேக்கறது? இருந்த ஒரே பெட்டி அதுதான்.

கடைசி வரியில் குறியிட்டேன். பேனா வழுக்கவில்லை. தெரிந்தேதான் போட்டேன்.

மார்ச் 5

கப்பலில் எல்லாரும் போட்டாகிவிட்டால் தேர்தல் நாள்வரை காத்திருக்காமல் எண்ணலாம். எண்ணினோம். ரிம்மாவுக்குப் பத்து. எதிராக ஒன்று. பதினோரு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கிளாஃபிரா அகப்பையை எடுத்துவிட்டாள்.

"எவன்டா அது? கேப்டன் மூஞ்சியில எப்படிடா முழிப்பான்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஃபதேய் கையைத் தூக்கினான். "நான்தான். அந்த பிப்ரவரியில ஒரு மாசம் குளிக்காம கெடந்தேன்ல, அந்தக் கோவம்."

"அதைச் சரி பண்ணதே அவங்கதானடா, கழுதை."

அவனுக்கு மீன் சூப் கிடையாது என்று தீர்ப்பு.

மார்ச் 6

எஞ்சின் அறைக்கு என் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். ஃபதேய் மறுக்கவில்லை, பாதி குடித்தான். "எனக்கும் பொண்டாட்டி ஊர்லதான் இருக்கா, கேப்டன்" என்றான்.

மார்ச் 18

ஜெயித்துவிட்டாள். முதல் சுற்றிலேயே.

மார்ச் 21

கரைக்கு வந்ததும் ரிம்மாவின் போன் வந்தது.

"உன் கப்பல் முடிவை மட்டும் தனியாக் கேட்டு வாங்கினேன். ஒண்ணு எதிரா விழுந்திருக்கு."

"ஃபதேய்தான்—"

"பொய் சொல்லாதே. உனக்கு வராது."

நில்லு என்று சொன்ன அதே வாயால் என்ன சொல்ல?

"எத்தனையோ கோடிப் பேர் வா வான்னு கூப்பிட்டாங்க, சவேலி. ஒரே ஒருத்தர்தான் வீட்டுக்கு வான்னு கூப்பிட்டிருக்கார். நான் அந்த ஒண்ணைத்தான் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "நான் வரவரைக்கும் அதை மாத்திடாதே."

மே 12

பதவியேற்பு. வரச் சொன்னாள். கடலில் வேலை இருக்கிறது என்றேன், அவளும் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சிவப்புக் கம்பளத்தில் தனியாக நடந்து போனாள், கொஞ்சம் வேகமாக. கீதம் ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் எழவில்லை.

"கேப்டன், எந்திரிங்க" என்று கிளாஃபிரா தோளைத் தட்டினாள்.

"வீட்டு ஆளு தூரப் பயணம் கிளம்பினா, ஒரு நிமிஷம் பேசாம உக்காரணுமா இல்லையா?" என்றேன். "அவ அங்க உக்கார முடியாது. அவளுக்கும் சேர்த்து நான் உக்காந்துக்கறேன்."

கிளாஃபிராவும் கீதம் முடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.