அவன் மணிக்கட்டுக்கு எழுதிய எண்கள்

மார்ச் 4

பைக்கின் பின்சக்கர சென்சார் வயரை இன்றும் மாற்றினேன். எஞ்சின் சூட்டில் உறை உருகிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லிஃப்ட் கம்பெனியில் நாளெல்லாம் வயரோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தும் வயர்தான். வாங்கி வந்த வரம். அண்ணன் தூக்கத்திலேயே போய் ஏழு மாதமாகிறது. இன்னும் செருமிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் நுழைகிறேன், உள்ளே அவன் இருப்பது போல. நானும் அவனும் கட்டிய ரேஸ் பைக்கை இனி அண்ணி ஓட்டப் போகிறார். அடுத்த மாதக் கடைசியில் பந்தயம். அவனைவிட நன்றாகவே ஓட்டுவார். அவன் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மார்ச் 10

ஓடுதளத்தில் முதல் பயிற்சி. மூன்றாவது வளைவை விட்டு நிமிரும்போது வண்டி துள்ளியது. ஹெல்மெட்டைக் கழற்றிய அண்ணியின் முகத்தில் பயமே இல்லை.

"பின்னாடி யாரோ உக்காந்து தள்ளுற மாதிரி இருந்துச்சு."

கொஞ்சம் பொறுத்து, "யாரோ என்ன யாரோ. உங்கண்ணன்தான்" என்றார்.

மார்ச் 11

பேயுமில்லை, பிசாசுமில்லை. எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் சுவரேறிக் குதித்து அண்ணன் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். அது பாதிக்கு மேல் திரும்பாது. எங்கள் வண்டியில் ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. கை எவ்வளவு திருகியது என்று சென்சார், சீட்டுக்கு அடியிலிருக்கும் கணினிப் பெட்டியிடம் சொல்லும், பெட்டி எஞ்சினிடம் சொல்லும். நடுவில் நான் எழுதிய எண்கள். அவன் பாதி திருகினால் முழுசும் திருகியதாக எடுத்துக்கொள் என்று எழுதி வைத்தேன். அண்ணிக்கு நல்ல கை. அவர் பாதி திருகினாலும் வண்டி முழுசாகப் பாய்கிறது.

மாற்றுவது பெரிய வேலையே இல்லை. லேப்டாப்பைத் திறந்தேன். மூடிவிட்டேன்.

மார்ச் 12

அண்ணியிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன்.

"அதைத் தொடாத."

"விழுந்துடுவீங்க அண்ணி."

"விழுந்தா எந்திரிப்பேன். சட்டையைக் குடுத்தாச்சு, செருப்பைக் குடுத்தாச்சு. கட்டில்ல அவர் பக்கம் இருந்த பள்ளம்கூட மெத்தையை மாத்தினதுல போச்சு. இதையும் எடுத்துட்டா எனக்கு என்னடி மிச்சம்?"

கோபம் வந்தது. எனக்கு மட்டும் அவன் யாராம்?

மார்ச் 19

பின்சக்கரம் வழுக்கி வண்டி பக்கவாட்டில் போனது. அண்ணி எப்படியோ நிமிர்த்திவிட்டார். சட்டத்தை வெல்டிங் செய்து கொடுத்த அண்ணனின் கூட்டாளி 'சம்மட்டி' என்னை ஓரமாக இழுத்துப் போனார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஆள் தேறாது. நீ சரி பண்றியா, இல்ல நான் வண்டியைப் பூட்டி வைக்கவா?"

பூட்டினால் அண்ணி மறுபடி அந்தக் கட்டிலுக்கே போய்விடுவார். மாதக்கணக்கில் அதில்தான் சுருண்டு கிடந்தார்.

மார்ச் 20

எண்களைக் குறைத்தேன். மிகக் கொஞ்சம். குழம்பில் உப்பைக் குறைப்பது போல, நாக்குக்குத் தெரியாத அளவு. அண்ணியிடம் சொல்லவில்லை.

மார்ச் 27

இன்னும் கொஞ்சம்.

ஏப்ரல் 3

ஒவ்வொரு எண்ணும் அவன் கத்திக் கத்தி வாங்கியது. "இழுக்கல. இன்னும் குடு, கஞ்சப் பிசினாறி." கேட்டு வாங்கியதையெல்லாம் திருப்பி எடுக்கிறேன்.

இன்று சாவி போட்டதும், யாரும் கைப்பிடியைத் தொடாமலே, எஞ்சினுக்குக் காற்று விடும் மூடி திறந்து மூடியது. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது அது. நானே எழுதியது. தெரிந்தும் ஷெட்டை விட்டு வெளியே ஓடிவந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

"இப்பல்லாம் மெதுவாத்தான்டி தள்ளுறாரு. என்மேல கோவமா?"

"டயர் தேஞ்சு போச்சு அண்ணி" என்றேன். டயராம். இந்த வாய் அழுகிப் போகாதா.

ஏப்ரல் 17

முடிந்தது. பாதி திருகினால் பாதி, முழுசுக்கு முழுசு. பெட்டிக்குள் அவன் இல்லை. நான்தான் எடுத்தேன் — என் கையாலயே — ஐயோ, அண்ணா.

ஏப்ரல் 26

பந்தயம். அண்ணி ஏழாவதாக வந்தார். விழவில்லை.

சம்மட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் அண்ணி நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "இன்னிக்கு யாரும் தள்ளல."

"அண்ணி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். முதல் தடவை நீ குறைச்சப்பவே தெரியும். என் கைக்குத் தெரியாதா?"

"அப்ப கோவமான்னு கேட்டீங்களே?"

"கேட்டா நிறுத்திடுவியோன்னு பாத்தேன். நீ நிறுத்தல."

அவர் ஓடுதளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குக் காலையில எழுப்பினேன், எந்திரிக்கல. ஒரு வார்த்தை இல்லாம ஒரேயடியாப் போயிட்டாரு. இந்தத் தடவை கொஞ்சம் கொஞ்சமாத்தான போனாரு. ஒவ்வொரு வாரமும் வாசல்ல நின்னு போயிட்டு வரேன், போயிட்டு வரேன்னு சொல்லிட்டே இருந்த மாதிரி இருந்துச்சுடி."

பிறகு கையை நீட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டேன். முழுசும் திருகித் திருகி விரல்கள் வீங்கியிருந்தன.