கையுறை போடாத கைகள்

உன் கேமரா பையை நேற்றுதான் திறந்தேன். நீ கண்மூடி எட்டு மாதமாகியும் அதைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அடியில் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை, உறை பிரிக்காமல் கிடந்தது. லென்ஸ் துடைக்கும் துணியில் முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெயின் காரமான வாடை இன்னும் இருக்கிறது.

நிலக்கரி மைன்ஸ் டிராயிங் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றபின், மெயின் பஜாரில் உன் ஸ்டூடியோவே எனக்கு ஆபீஸ். நீ படம் எடுப்பாய், நான் பக்கம் அமைப்பேன். ஒரு முந்திரிக் கம்பெனி தன் கொள்கைகளைப் படங்களோடு சொல்லும் புத்தகம் கேட்டது. அவர்கள் தந்த முதல் வாசகம், 'உழைக்கும் கைகளை மதிக்கிறோம்.' முத்தாண்டிக்குப்பத்தில் அவர்களுடைய கொட்டகைக்குப் போனோம்.

மேனேஜர் புதுக் கையுறைகளை அடுக்கி வைத்திருந்தார். படத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், முடிந்ததும் கழற்றித் தந்துவிட வேண்டும். நீ ஒரு ஜோடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாய். "இது ஞாபகத்துக்கு. மத்தத நீங்களே வெச்சுக்குங்க சார். எனக்குக் கைதான் வேணும்."

அஞ்சலை வெறுங்கையில் சாம்பல் பூசிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தோட்டு எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் கருத்து, தோல் உரிந்திருந்தது.

"இந்தக் கையப் பாத்துட்டு கல்யாண வூட்ல பரிமாறக்கூட வுட மாட்டன்றாங்க. நீங்க இன்னாத்துக்கு சார் படம் புடிக்கிறீங்க?"

"அதுக்குத்தாம்மா புடிக்கிறேன்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அந்தப் படத்தை நான் என்ன செய்தேன் என்பது உனக்குத் தெரியும். மேனேஜர் முகம் சுளிப்பாரோ என்று பயந்து, ஸ்கேல் வைத்து அளந்து, கைகளை வெட்டிவிட்டேன். சிரித்த முகம் மட்டும் அச்சானது. நீ புத்தகத்தை வெகுநேரம் பார்த்தாய். "யோவ் ஸ்கேலு, ரொம்ப சுத்தமா வெட்டியிருக்கய்யா. வாசகத்துல இருக்கிற கை எங்கய்யா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன வாரம் அந்த மேனேஜர் மறுபடி போன் செய்தார். புதுப் புத்தகமாம். "இந்தத் தடவ அந்தம்மா படத்த முழுசாப் போடலாம் சார். கைய மட்டும் கம்ப்யூட்டர்ல வெள்ளையாக்கிடுங்க. ரெண்டு நிமிஷ வேல."

"பாக்கிறேங்க" என்றேன், வழக்கம்போல. மூன்று நாள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் முழுப் படத்தை ஒரு பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அஞ்சலையிடம் காட்டி, விஷயத்தையும் சொன்னேன்.

"இது என் கை சார். வெளுக்க வெச்சா அது எவ கையோ. போடறதுன்னா இப்டியே போடு."

திரும்பி வந்து முழுப் பக்கமும் அந்தப் படத்தை வைத்தேன். வெட்டவில்லை, வெளுக்கவில்லை. கீழே அவர்களுடைய வாசகம். பிறகு சொல்ல வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிவைத்துக்கொண்டு மேனேஜருக்குப் போன் செய்தேன். எழுதாமல் பேசினால் நான் எங்கே போய் முடிப்பேன் என்று உனக்குத் தெரியாதா?

"கை மாறாதுங்க. கை வேணாம்னா வாசகத்த எடுத்துடுங்க" என்று வாசித்தேன்.

"அப்ப வேற ஆளப் பாத்துக்கறோம் சார்."

"பாத்துக்குங்க. படம் தர மாட்டேன்." இது சீட்டில் இல்லை.

அந்தப் பக்கம் இப்போது உன் ஸ்டூடியோக் கண்ணாடியில் இருக்கிறது. அஞ்சலை வந்து பார்த்துவிட்டுப் போனார். "யார் கை சார்?" என்று கேட்பவர்களுக்கு அவர் பெயரைச் சொல்கிறேன், கம்பெனியின் பெயரையும் சொல்கிறேன். சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அடுத்த முறை பார்க்காமலே சொல்லிவிடுவேன்.