சாமிக்கு எழுதிய வீடு

2025 ஜூன் 9, திருச்செங்கோடு

சர்க்கரை ஏறியிருக்கிறது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். நான் சுளிக்கவில்லை. ஆனால் வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன், உயில் எழுத வேண்டும். வீடும் கடலை விதைக்கிற காடும் அவர் இருந்தபோது என் பெயரில் வாங்கியவை. எழுதாமல் போய்ச் சேர்ந்தால் இரண்டும் சித்தார்த்துக்கு. பெற்ற ஒரே பையன்தான். பெங்களூரில் இரண்டாவது கல்யாணமும் சொந்த ஃப்ளாட்டுமாக இருக்கிறான். இந்த வீட்டை என்ன செய்வான்? விற்பான். உள்ளே இருக்கிற சௌமியா எங்கே போவாள்?

சௌமியா அவனுடைய முதல் மனைவி. விவாகரத்து ஆகி நான்கு வருஷம். அவன் போய்விட்டான், அவள் போகவில்லை. போ என்று நானும் சொல்லவில்லை. அவளுக்கு நூல் மில் ஆபீசில் வேலை. எனக்கு ஊசி போடவும் சண்டை போடவும் ஒரு ஆள்.

ஜூன் 12

பத்திரம் எழுதுகிற சந்திரசேகர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே புதுசு. "காடு பையனுக்குங்க, ஊடு சாமிக்குங்க" என்றேன்.

"எந்தச் சாமிம்மா?"

"எனக்கு ஒரே சாமிதானுங்க. ஊட்டுலயே இருக்குது."

கண்ணை மூடிக் கும்பிட்டார். குலதெய்வம் எது என்று கேட்டார். சொன்னேன். பத்திரத்துக்கு இதெல்லாம் வேண்டும்போல. கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அவர் படித்துக் காட்டும்போது எதிரே லாரிப் பட்டறையில் ஹாரனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிகளும் போட்டார்கள்.

சௌமியாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

ஜூன் 20

கோயில் தர்மகர்த்தா வீரபாகு மாலையோடு வந்தார். "ஏனுங்க சௌந்திரக்கா, அம்மனுக்கே ஊட்டை எழுதிப்போட்டீங்களாமா? இந்த மனசு ஆருக்குங்க வரும்!"

சந்திரசேகர் பரவசத்தில் சொல்லியிருக்கிறார். மாலை என் கழுத்தில் விழுந்தது. வீரபாகு ஹாலை நடந்து பார்த்து, இங்கே அன்னதானம் போடலாம் என்றார். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தினேன்.

சமையல்கட்டிலிருந்து சௌமியா பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயம்.

ஜூன் 21

கேட்டுவிட்டாள். "சாமின்னு சொன்னது உன்னயத்தான், சாமி" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"எனக்கெதுக்குங்கத்தை? நான் இந்த ஊட்டுக்கு ஆருங்க?"

அப்புறம் அடுத்ததைச் சொன்னாள். ஆபீசில் மதியழகன் என்று ஒருவர். கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். என்னிடம் எப்படிச் சொல்வது என்று தை மாசத்திலிருந்து மென்று விழுங்கிக்கொண்டிருந்தாளாம்.

சரி என்றேன்.

என்ன சரி? வாய் சொல்லிப்போடுச்சு. இவளும் போயிட்டா நான் இந்த ஊட்டுல ஆரு கூடச் சண்டை போடறது? ஊட்டை இவ பேருக்கு எழுதறதா வேண்டாமா?

ஜூன் 22

இன்று யாரிடமும் சண்டை போடவில்லை.

ஜூன் 27

சித்தார்த் போன் செய்தான். வீரபாகு வேலை. "ஊடு சாமிக்கா, அவளுக்கா?" என்றான். நான் யாரைச் சாமி என்பேன் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத்தான் என்றேன். கேட்டதும்தான் எனக்கே தெரிந்தது.

"நாளைக்கு அவ இன்னொருத்தனைக் கட்டிக்கிட்டா ஊடு எவனுக்கோ போகுமேம்மா?"

"நீ கட்டிக்கலையா?"

பிறகு, "காடு எனக்குத்தானே?" என்றான். உனக்குத்தான் என்றேன். வைத்துவிட்டான்.

ஜூலை 3

பழைய உயிலை ரத்து செய்து புதியது எழுதப் போனேன். சந்திரசேகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எங்க பக்கம் சாமின்னா சாமிதாம்மா." பாவம். அம்மனுக்கு நான் ஒரு புடவை சாத்தியாயிற்று. வீரபாகு புடவையை வாங்கிக்கொண்டார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

சௌமியாவின் பெயர், ஆதார் எல்லாம் கொடுத்தேன். "இவங்க உங்களுக்கு என்ன உறவும்மா?" என்றார்.

மருமகள் என்றேன். விவாகரத்து ஆகிவிட்டதால் அப்படி எழுத முடியாதாம். முன்னாள் மருமகள் என்று போடலாமா என்றார். முன்னாள் எம்.எல்.ஏ. மாதிரி இருந்தது. வேண்டாம் என்றேன். அந்த இடத்தைக் காலியாக விட்டு, கையெழுத்தும் போடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 13

மதியழகன் வந்தார். முன்வழுக்கை, புதுச் சட்டை. கல்யாணத்துக்குப் பிறகும் இதே ஊர்தானாம், நாலு தெரு தள்ளி. வெல்லம் போட்டு நான் சுட்ட கச்சாயம் கல்லாகிவிட்டது. இரண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது.

கிளம்பும்போது வாசலில் திரும்பி, "போயிட்டு வாரேனுங்கத்தை" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு நின்றேன். சௌமியா என்னைக் கூப்பிடுவதும் அத்தைதான். அது புருஷனுடைய அம்மா. இவர் கூப்பிட்டதும் அத்தைதான். ஆனால் இது பெண்டாட்டியினுடைய அம்மா.

ஜூலை 14

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சந்திரசேகரிடம் போனேன். காலியாக விட்ட இடத்தில் 'எனக்கு மகள் முறையாகும்' என்று எழுதச் சொன்னேன். முழுவதையும் நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினார். நானும் வாங்கி ஒருமுறை படித்தேன். எங்கேயும் சாமி இல்லை.

கையெழுத்துப் போட்டேன்.