நல்ல வயர் வேண்டாம்

அன்புள்ள உங்களுக்கு,

சளி விட்டுவிட்டது, நலமாக இருக்கிறேன். அத்தைக்குக் கண் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறீர்களா?

போனில் சொன்னால் வாதாடுவீர்கள் என்றுதான் இந்த மெயில். பதற வேண்டாம். இங்கே விற்க நான் கொண்டுவந்த நம் பன்னிரண்டு கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களையும் பாதுகாப்புச் சோதனை அதிகாரி நேற்று நிறுத்திவைத்தார். ஒன்றின் பின்பக்கத்தைக் கழற்றி, போன வருடம் ஒப்புதல் வாங்கிய மாதிரியின் படத்தோடு ஒப்பிட்டார்.

"படத்துல வயர் மெலிசா இருக்கு. இதுல தடிமனா இருக்கேம்மா?"

"இது இன்னும் நல்ல வயர் சார். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துப் போட்டது."

"நல்லதான்னு நான் கேக்கல. அதேதானான்னு கேக்கறேன்."

இருபத்திரண்டு வருடமாக நான் உங்களிடம் சொல்லவந்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். சிரிப்பை அடக்கப் பெரும் பாடுபட்டேன்.

பழைய வயரைப் போட்டுக் காட்டினால் விட்டுவிடுவாராம். அவற்றை வாங்கப்போகும் கடைக்காரரும் மாதக் கடைசி வரை பொறுப்பார். பிறகு வேறு கம்பெனியைப் பார்ப்பார். அதனால் பழைய வயரை இன்றே கூரியரில் அனுப்புங்கள். தயவுசெய்து அதில் எதையும் திருத்தாதீர்கள். உங்கள் கட்டம் போட்ட சட்டையை அதைச் சுற்றி வையுங்கள், அடிபடாமல் வரும்.

பதினொன்றில்தான் வயரை மாற்றப்போகிறேன். கடைக்காரரிடமும் பதினொன்று என்றே சொல்லிவிட்டேன். நீங்கள் செய்தபடியே ஒன்று, விற்பனைக்கு இல்லாமல், என் அறையில் இருக்கட்டும்.

தடிமனான வயரைக் கழற்ற வந்த டெக்னீஷியன் ஸ்க்ரூ டிரைவர் கேட்டுக் கதவைத் தட்டுகிறார்.

உங்கள்,
நான்தான்