என் தோளில் உட்கார்ந்திருந்த நண்டு

சந்தன்நகர்,
தசமி கழிந்த மூன்றாம் நாள்

என் செல்லக் குப்லுவுக்கு, உன்னைப் பெற்ற மாவின் விஜயா தசமி ஆசிகள். உன் பாபாவின் முழங்கால் ஒன்றைத் தவிர இந்த வீட்டில் எல்லாம் சௌக்கியம், அந்தத் தூரதேசத்துப் பெர்கனின் மழையில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, நீதான் இரண்டு வருஷமாகப் பூஜைக்கு வரவில்லையே. தேவியைக் கரைத்துவிட்டு வந்ததிலிருந்து எல்லாரும் காலில் விழுவதும் தேங்காய் உருண்டை தின்பதுமாக வீடு நிறைந்திருக்கிறது. விஜயா என்றால் வெற்றிதானே, இந்த வருஷம் அந்த வெற்றி எனக்குத்தான் வந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி. மகாளயத்துக்கு முந்தின ஞாயிறு நம் கிளப் குளத்தில் நடந்த நீச்சல் போட்டியில், ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில், உன் மா முதல் பரிசு வாங்கிவிட்டாள்.

மா எப்போது நீந்தினாள் என்று கேட்பாய். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குளத்தில் என்னை முந்த ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மை குத்தின இடத்துத் தழும்பு தடித்துத் தடித்து இடது தோளில் கால் பரப்பி உட்கார்ந்ததே, குழந்தையில் நீ தடவித் தடவித் தூங்குவாயே, அதுதான் என்னைக் குளத்தை விட்டே கரையேற்றியது. பத்தொன்பது வயதில் துணி மாற்றும் அறையில் எல்லார் முன்னாலும் என்னோடு நீந்தின காவேரி, ஹைமந்தி தோள்ல நண்டு உக்காந்திருக்குடி, தண்ணியப் பாத்தா இறங்கி ஓடிடப் போகுது என்றாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். மறுநாள் நான் போகவில்லை, அதற்கப்புறம் முப்பத்தெட்டு வருஷம் போகவில்லை. உன் தாத்தா மனசு கேட்காமல் ஒரு சர்ஜனிடம் கொண்டுபோய் அதை வெட்டி எடுத்தார், வருஷம் திரும்புவதற்குள் அது இரண்டு பங்காக வளர்ந்து வந்தது. அரிப்பு, சுருக் சுருக்கென்று குத்தல், கையைக் காதுக்கு மேல் தூக்கினால் தோல் இழுக்கும். முழங்கை வரை ரவிக்கை போட்டே காலத்தை ஓட்டினேன்.

போன மார்கழியில் அரிப்பு தாங்காமல் ஹோமியோபதி ஹாஜ்ரா டாக்டரிடம் போனேன். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா, எந்தப் பக்கம் படுப்பீங்க, இடிக்குப் பயமா என்று போய்க்கொண்டே இருந்தது, கடைசியில், இதப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா என்றார். அவ்வளவுதான், நான் அழுதுவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் என்னை அதைக் கேட்கவில்லை, உன் பாபா உட்பட. பிறகு அவர் செய்ததுதான் ஆச்சரியம், பெரிய ஆஸ்பத்திரியின் தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார். இத அமுக்குறது ஊசி தாம்மா, என் மாத்திரை இல்ல, ஆனா அந்த ஊசி வலிக்குப் பயந்து பாதியில ஓடிவர்றவங்கதான் அதிகம், உங்கள ஓடவிடாமப் பாத்துக்கறது என் பொறுப்பு என்றார்.

தடிப்புக்குள்ளேயே போடும் ஊசி குப்லு, கண்ணில் பொறி பறக்கும். மாசம் ஒன்று, எட்டு மாசம் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ஹாஜ்ரா டாக்டர் வீட்டுக்குப் போவேன், எப்படித் தூங்கினேன் என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஜவ்வரிசி போல நாலு மாத்திரையை மூடியில் கொட்டி நாக்கில் போடச் சொல்வார். கையால் தொடக்கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூர வாசனை கூடாது. நான் பத்திரமாக இருக்கட்டும் என்று சீசாவைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே நாப்தலீன் உருண்டையோடு வைத்திருந்தேன். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஐயையோ, மருந்து செத்து ஒரு மாசமாச்சேம்மா என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த மாசம்தான் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்! உன் பாபாவுக்குக் கிடைத்ததே விருந்து, செத்த மருந்தே இந்தப் போடு போட்டுதுன்னா உயிரோட இருந்தா உன்ன ஒலிம்பிக்குக்குல்ல அனுப்பியிருக்கும் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். டாக்டரும்தான் சிரித்தார். சிரிக்கட்டும், அந்த மனுஷர் இல்லாவிட்டால் இரண்டாவது ஊசிக்கே நான் ஓடிவந்திருப்பேன்.

தழும்பு மறையவில்லை. தட்டையாகிவிட்டது, அரிப்பு அடங்கிவிட்டது, கை மேலே போகிறது. அது போதும் என்று பெயர் கொடுத்தேன். படித்துறையில் பக்கத்தில் யார், காவேரி. என் தோளைப் பார்த்துவிட்டுக் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை, நண்டு தூங்குதுடி காவேரி, நீ ஜெயிச்சா எழுப்பிவிடறேன் என்றேன். அவள் விழித்தாள். நாலு தடவை குறுக்கே போய்வர வேண்டும், மூன்றாவதில் எனக்கு மூச்சு முட்டியது, உன் பாபா கரையில் முழங்காலை மறந்து குதிக்கிறார், கடைசியில் படியை முதலில் தொட்டது எந்தக் கை தெரியுமா, அந்த இடது கைதான்! ஏறி உட்கார்ந்ததும் காவேரி மூச்சிரைக்க என்னைக் கட்டிக்கொண்டு, அதென்னடி நண்டு என்று கேட்டாள். சொன்னேன். முகம் வெளுத்துப்போய், நான் அப்படியா சொன்னேன், சத்தியமா ஞாபகமே இல்லடி என்றாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள், நான் முப்பத்தெட்டு வருஷம் சுமந்தேன்.

இப்போது உன் விஷயம். குளிருக்காகத் தாடி என்றாய், உன் பாபா கவிஞனாகப் போகிறாயென்று நம்பினார். தாடைப் பரு ஆறின இடம் தடித்திருப்பதையும், அடுத்த மாசம் அதை வெட்டப்போவதையும் அவரிடம் மட்டும் சொன்னாயாம், அவர் வாயில் எது தங்கும். வீட்டுக்கு வராததும் அதனால்தான் என்று எனக்கு இப்போது புரிகிறது. வெறுமனே வெட்டிக்கொள்ளாதே, என் ரத்தம் உனக்கு. வெட்டினால் திரும்ப வளராமலிருக்க அப்புறம் என்ன செய்வீர்கள் என்று வெட்டுகிற டாக்டரிடம் கேள், பதில் சரியாக இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடு, ஊசி போடும் தோல் டாக்டரைத் தேடு. வலிக்கும், ஓடாதே. யார் என்ன சொன்னார்களோ எனக்குத் தெரியாது, ஆனால் சொன்னவன் மறந்திருப்பான்.

போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, இதைப் படம் பிடித்து அனுப்ப உன் பாபாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், தேவி உன் தலைமேல் கைவைத்துக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தாடியை எடுத்துவிட்டு வீடியோவில் வா, நான் கையில்லாத ரவிக்கை போட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் மா, பெரிய நண்டு