கொம்பு விழும் வரை

என் ஆசை அண்ணா,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் ஏழு மாசம் ஆகிறது. செத்தவனுக்குக் கடிதமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். உன்னைத் திட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ விட்டுப்போன புள்ளிமானைப் பற்றித்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கரும்புக் கொல்லையில் கிடந்த குட்டியை வேட்டியில் சுருட்டிக்கொண்டு வந்து, புட்டிப்பால் கொடுத்து, ஆடுகளோடு கட்டினாயே, அதேதான். காட்டோரம் விட்டுவிடு என்று அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன். "தாயி இல்லாத குட்டிமா, நாயிங்க இழுத்துக்கினு பூடும்" என்று என் வாயை அடைத்தாய்.

இந்த வைகாசியில் கொம்பின் தோல் உரிந்து, முருங்கை மரத்தில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை தண்ணீர் வைக்கப் போன என் வீட்டுக்காரரைக் கொட்டகைச் சுவரோடு வைத்து முட்டிவிட்டது. தொடையில் ஆறு தையல். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் மாடு முட்டியதென்று பொய் சொன்னோம். மான் வளர்த்தால் ஜெயில் என்கிறார்களே, உனக்குத் தெரியுமா?

அப்புறம் அவரே நொண்டிக்கொண்டு போய் வனத்துறை கார்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நல்லவேளை, கார்டு கேஸ் கீஸ் என்று மிரட்டவில்லை; வந்து வேலிக்கு வெளியிலேயே நின்று பார்த்தார்.

"காட்டு மானு ஆளப் பாத்தா ஓடும்மா. இது உங்க கையால வளந்தது, பயமே கெடையாது. உங்கள இன்னொரு கடா மானுனு நெனைச்சிக்கினு சண்டைக்கு வருது."

"அப்ப இப்பவே இட்டுக்கினு போங்க சார்" என்றேன்.

"இப்ப கொம்போட கட்டித் தூக்குனா மல்லுக்கட்டி மெரண்டே செத்துடும். ஆவணி வாக்குல கொம்பு தானா வுழும். அப்பால வண்டியில பட்டணத்து மான் பார்க்குக்கு ஏத்திக்கிறோம். அதுவரிக்கும் யாரும் வேலிக்குள்ள போவாதீங்க."

இன்னும் மூன்று மாசம், அண்ணா. நான் எப்படித் தூங்குவேன்?

நேற்றுக் காலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், வேலிப்படல் திறந்து கிடக்கிறது. என் மகள் செல்வி, ஐந்து வயசுப் பிள்ளை, உள்ளே நின்று கீரைக்கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அது தலையைத் தாழ்த்திவிட்டது. கத்தினால் பாய்ந்துவிடும். வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "கண்ணு, கீரையக் கீழ போட்டுட்டு அப்பிடியே பின்னால நடந்து வாம்மா" என்றேன். அது கீரையில் வாய் வைத்த நேரத்தில் அவளை இழுத்துப் படலைச் சாத்தினேன். முதுகில் ஒன்று வைத்தேன். உடனே கட்டிக்கொண்டு அழுதேன்.

"மாமா டெய்லி இப்பிடித்தானம்மா குடுப்பாரு" என்கிறாள்.

ஒரே போடாகப் போட்டுவிடலாம், கறிக்குக் கறியும் ஆச்சு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என் வீட்டுக்காரர் வேண்டாமென்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கோவித்துக்கொள்ளாதே அண்ணா, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். என்னைக் கண்டால் அது ஓட வேண்டும்; பயம் வந்தால் முட்டாது, முட்டாவிட்டால் யாரும் அதை வெட்டவும் மாட்டார்கள். இனிமேல் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டேன். தழையை வேலிக்கு மேலாக வீசிவிட்டு, அது என் பக்கம் வந்தால் தகர டப்பாவைத் தட்டி விரட்டுவேன். இன்றைக்குத் தட்டினேன். ஓடவில்லை. காதைத் தூக்கிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தது.

நாளைக்கும் தட்டுவேன். அது நம்மை மறந்து, உயிரோடு வண்டி ஏறும்வரை தட்டுவேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
வசந்தா